கத்திக்குப் பிறகு 28 வருஷம்

ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதிய சரித்திரத்தின் மூன்றாம் புஸ்தகத்தில் ஒரு ராணிக்கு மார்பில் கட்டி வருகிறது. ராணி சாமானியப்பட்டவள் அல்ல. பாரசீகச் சாம்ராஜ்யத்தை ஸ்தாபித்த சைரஸின் மகள்; தாரியஸ் சக்கரவர்த்தியின் பட்டமகிஷி; அட்டோஸா என்று பெயர். கட்டி சிறியதாக இருந்த வரையில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். அது உடைந்து பரவத் தொடங்கிய பிறகுதான் டெமோஸிடிஸ் என்ற வைத்தியரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் இத்தாலியின் தெற்கே குரோட்டன் என்ற கிரேக்கக் குடியேற்றத்தில் பிறந்தவர். விதிவசத்தால் கைதியாகிப் பாரசீக அரண்மனைக்கு வந்து சேர்ந்தவர். "குணப்படுத்துகிறேன். ஆனால் அப்புறம் நான் கேட்கும் ஓர் உபகாரத்தைச் செய்து தரவேண்டும்" என்று ராணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். குணப்படுத்தியும் விட்டார்.

உபகாரம் என்ன தெரியுமா? சக்கரவர்த்தியைக் கிரேக்க தேசத்தின் மேல் படையெடுக்கத் தூண்ட வேண்டும். அப்படித் தூண்டினால் வேவு பார்க்க ஆள் அனுப்புவார்கள். வழி காட்ட டெமோஸிடிஸையும் கப்பலில் ஏற்றுவார்கள். ஊர் கண்ணில் பட்டதும் தப்பி ஓடிவிடலாம். ராணி சொன்ன சொல் தவறவில்லை. எல்லாம் அப்படியே நடந்தது. வைத்தியரோடு ஹெரோடோட்டஸும் கப்பலில் ஏறிக்கொண்டு கடலோடு போய்விடுகிறார்.

எனக்குக் கப்பலில் ஏற மனம் வரவில்லை. ராணியின் அறையிலேயே நின்றுவிட்டேன். அட்டோஸா அதற்குப் பிறகு சுமார் 30 வருஷம் இருந்தாள். கி.மு. 486-இல் அவள் மகன் ஸெர்க்ஸிஸ் பட்டத்துக்கு வந்தபோது அரண்மனையில் அவள் வைத்ததே சட்டமாக இருந்தது என்று ஹெரோடோட்டஸே பின்னால் ஓரிடத்தில் சொல்கிறார். அந்த 30 வருஷத்தில் எத்தனை விடியற்காலையில் அவள் கை தானாக அந்த இடத்தைத் தேடிப் போயிருக்கும்? மறுபடி ஒரு கட்டி தட்டுப்பட்டால் யாரைக் கூப்பிடுவது? குணப்படுத்தத் தெரிந்த ஒரே மனிதரைத் தன் வாயாலேயே வழியனுப்பி வைத்துவிட்டாளே! இதை ஹெரோடோட்டஸ் கேட்கவில்லை. அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. வியாதியைப் பற்றிச் சரித்திரம் எழுதினவர்களில் எவருமே இதைச் சுலபத்தில் கேட்பதில்லை. வியாதி வந்தது, கத்தி வைத்தார்கள் என்று எழுதுவார்கள். பிறகு இறந்த தேதியை எழுதுவார்கள். நடுவில் கிடக்கும் வருஷங்களுக்கு ஒரு வரி கிடையாது.

இப்படி நின்று கேட்க எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 11 வருஷத்துக்கு முன் எனக்குப் பெருங்குடலில் புற்று கண்டது. அறுத்து எடுத்தார்கள். ஆறு மாத காலம் நரம்பில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் வருஷ முடிவில் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமேல் நீங்களும் என்னைப் போலத்தான் சார். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து தலையைக் காட்டுங்கள், போதும்" என்றார். அவர் சொன்னது முகஸ்துதி அல்ல. என் மாதிரி நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தைத் தாண்டியபின் வருவது அபூர்வம். இது எனக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள் எல்லோருக்கும் அன்று ராத்திரி வயிறு பொருமத்தான் செய்யும். அவர்கள் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்குவார்கள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "என்னங்க, மறுபடியும் அதே நினைப்பா?" என்பாள் என் மனைவி. கேட்டுவிட்டு அவளும் தூங்க மாட்டாள்.

நம் பாஷையில் இந்த நோய்க்கு வைத்த பெயரைப் பற்றி அந்த நேரங்களில் யோசித்திருக்கிறேன். கிரேக்கர்கள் இதை நண்டு என்றார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு நிற்கும் ரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றினவாம். நம்மவர்கள் புற்று என்றார்கள். வீட்டுச் சுவரோரம் கறையான் புற்று வைத்தால் கடப்பாரை கொண்டு இடிக்கிறோம், மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம், தரையை மட்டப்படுத்திச் சாணம் கூடப் போட்டு மெழுகிவிடுகிறோம். ஒரு மழை பெய்து ஓய்ந்து பார்த்தால் அதே இடத்தில் ஈரமண் முளைத்திருக்கும். தாய்க் கறையான் அடியிலே பத்திரமாக இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் நண்டைவிடப் புற்று எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புஸ்தகங்களில் துணை தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு அகப்பட்டவர் ஓர் ஆங்கில நாவலாசிரியை. ஃபானி பர்னி என்று பெயர். 1752-இல் பிறந்தவர். தகப்பனார் சார்லஸ் பர்னி சங்கீத சரித்திரம் எழுதிய பெரிய வித்வான். மகள் 1778-இல் தம் பெயரைப் போடாமல் 'எவெலினா' என்ற நாவலை வெளியிட்டார். லண்டன் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. பிறகு சார்லட் ராணியின் அரண்மனையில் உடை அலங்காரப் பொறுப்பில் ஐந்து வருஷம் உத்தியோகம் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். 1793-இல், 41-ஆம் வயதில், பிரான்ஸிலிருந்து அகதியாக வந்திருந்த தார்ப்ளே என்ற தளபதியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகன். 1802-இல் இரு தேசங்களுக்கும் சமாதானம் ஏற்பட்டதை நம்பிப் பிரான்ஸுக்குப் போனார்கள். அடுத்த வருஷமே யுத்தம் மூண்டு வழி அடைபட்டுவிட்டது. பத்து வருஷம் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

1810-இல் வலது மார்பில் வலி தொடங்கியது. அலட்சியம் செய்தார். கட்டி பெரிதாயிற்று. கடைசியில் பார்த்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருவர் துபுவா: நெப்போலியனுடைய மகனை 1811 மார்ச்சில் உலகத்துக்குக் கொண்டுவந்த பிரசவ வைத்தியர். மற்றவர் லாரே: நெப்போலியனுடைய காவற்படையின் தலைமை ரண வைத்தியர், போர்க்களத்தில் குண்டு பாய்ந்தவர்களைக் குதிரை வண்டியில் வாரிக்கொண்டு பறக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். மார்பை எடுத்தே தீர வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வது 1846-இல்தான் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் பகிரங்கமாயிற்று. அதற்கு இன்னும் 35 வருஷம் இருக்கிறது.

1811 செப்டம்பர் 30. காலையில் படுக்கையில் இருக்கும்போதே சீட்டு வந்துவிட்டது: இன்றைக்குத்தான். கணவர் இந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாது என்று அம்மையாருக்கு ஒரே பிடிவாதம். அவருடைய இலாகா மேலதிகாரிக்கு ரகசியமாக ஆள் அனுப்பி, அவசர வேலை என்று ஏதாவது கொடுத்து அவரை நிறுத்தி வைக்கச் சொன்னார். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். டாக்டர்கள் வர மூன்று மணி ஆகும் என்று செய்தி வந்தது. காத்திருந்தார். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் கட்டுத் துணியும் பஞ்சும் குவியலாக அடுக்கியிருக்கின்றன. பிறகு வாசலில் வண்டிகள் வந்து நின்றன. கறுப்பு உடை போட்ட ஏழு பேர் உள்ளே நுழைந்தார்கள்.

கட்டிலில் படுக்கவைத்து முகத்தின்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். மெல்லிய துணி; அதற்குள்ளிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது, பளபளக்கும் கத்தி உள்பட. சுமார் 20 நிமிஷம் நடந்தது. அந்த 20 நிமிஷத்தையும் அம்மையார் பின்னால் எழுதியிருக்கிறார். சதையை அறுத்ததை எழுதியிருக்கிறார். எலும்பைச் சுரண்டியதை எழுதியிருக்கிறார். அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. என்னை அந்தக் கடிதத்தில் பிடித்து நிறுத்திய இடம் வேறு. முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார். லாரேயின் கை ஓய்கிறது. அப்போது துபுவாவின் விரல் காயத்துக்கு மேலே நீண்டு, "இங்கே இன்னும் கொஞ்சம்" என்பதுபோல ஓர் இடத்தைச் சுட்டுகிறது. மறுபடி சுரண்டுகிறார்கள். மறுபடி ஓய்கிறது. மறுபடி விரல். அந்த விரல் அவர் உடம்பைத் தொடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் புண்ணுக்கு மேலே அது எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிகிறதாம். இதைப் படித்தபோது புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். 11 வருஷமாக எனக்குப் பழக்கமான விரல் அல்லவா அது!

தம் அக்காள் எஸ்தருக்கு இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்தது 1812 மார்ச்சில். முடித்தது ஜூனில். நாவலை வால்யூம் வால்யூமாக எழுதித் தள்ளிய பேனாவுக்கு ஒரு கடிதம் எழுத மூன்று மாதம் பிடித்தது. மாதக்கணக்கில் இதைப் பற்றி வாய் திறந்து பேசவும் முடியவில்லை என்கிறார். ஒன்பது மாதம் கழிந்த பிறகும் எழுத எழுதத் தலைவலி வருகிறது என்கிறார். எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்க்கத் தைரியம் இல்லை என்கிறார். புண் ஆறிவிட்டது, நடமாடுகிறார், ஊர் பார்வைக்குச் சௌக்கியம். கத்திக்கு அப்பால் உள்ள வாழ்க்கையை உள்ளே இருந்துகொண்டு ஒருவர் எழுதியதில் நான் பார்த்த வரையில் இதுவே பழையது. கடிதம் அப்படியே முழுசாக அச்சேறியது 1970-களில்தான். இப்போது நியூயார்க் நூலகத்தில் இருக்கிறது.

அம்மையாருக்கு டாக்டர்கள் எத்தனை வருஷம் கெடு சொன்னார்கள்? அந்தக் காலத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. கணக்கைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ரண வைத்தியர் வோல்க்மன். 1875-இல் எழுதினார்: ஒரு வருஷம் திரும்பாமல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், மூன்று வருஷம் திரும்பாவிட்டால் ஏறக்குறைய நிச்சயமாகப் பிழைத்தாயிற்று. இந்த வோல்க்மன் புனைபெயரில் குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகளும் எழுதியவர்; அந்தப் புஸ்தகம் ஜெர்மனியில் வெகு பிரசித்தம். மூன்று வருஷக் கணக்கை அந்த வரிசையில் சேர்க்கக்கூடாதுதான். ஆனாலும் எனக்கு அந்தச் சந்தேகம் அடிக்கடி வருகிறது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஹால்ஸ்டெட் 1894-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் புகழ் பெற்றது. மார்பையும் அதன் அடிச் சதையையும் அக்குள் கணுக்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தார். 50 ஸ்திரீகளில் மூன்றே பேருக்குத்தான் அறுத்த இடத்தில் திரும்பி வந்தது. ஐரோப்பாவில் பெரிய பெரிய கைகளுக்கெல்லாம் பாதிக்கு மேல் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. உலகம் வியந்தது. 'அறுத்த இடத்தில்' என்ற இரண்டு சொற்களை மட்டும் பலர் சரியாகக் கவனிக்கவில்லை. அறுத்த இடம் சுத்தமாக இருக்க, முதுகெலும்பிலோ ஈரலிலோ அது தலைதூக்கி, அந்த ஸ்திரீகளில் பலர் போய்ச் சேர்ந்தார்கள். இதன் சூட்சுமத்தை 1889-லேயே லண்டனில் ஸ்டீஃபன் பாஜெட் என்பவர் தொட்டிருந்தார். மார்புப் புற்றில் இறந்த 735 பேருடைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, இது காற்றில் பறக்கும் விதையைப் போன்றது என்றார். எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். விதை எத்தனை நாள் முளைக்காமல் கிடக்கும் என்று அவர் சொல்லவில்லை. 1954-இல் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேய டாக்டர் 'உறங்கும் புற்றணு' என்ற பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சை முடிந்து வெகு காலம் சென்றபின் திடீரென்று திரும்புகிறதே, அதுவரை அந்த அணு செத்திருக்கவில்லை, தூங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி.

இதற்கிடையில் மூன்று வருஷம் ஐந்து வருஷமாகிவிட்டது. ஒரு சிகிச்சையை இன்னொரு சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர்களுக்கு ஓர் எல்லைக்கல் வேண்டியிருந்தது. ஐந்து என்று வைத்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை நட்ட கல்லை நோயாளிகள் ஊர் எல்லை என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் ஜாதிக் குடல்நோய்க்கு அது ஓரளவு எல்லைதான். மார்புப் புற்றில் ஒரு வகைக்கு அப்படி அல்ல. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், ஹார்மோனை அண்டி வளரும் வகை வந்து, ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டு, நோய் இல்லாமல் இருந்த 62,923 ஸ்திரீகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஐந்திலிருந்து இருபதாம் வருஷம் வரை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அது திரும்பிக்கொண்டேதான் இருந்தது. கட்டி சிறிதாகவும் கணுக்கள் சுத்தமாகவும் இருந்தவர்களில் அந்த 15 வருஷத்தில் தூரத்து உறுப்பில் திரும்பும் அபாயம் 100-க்கு 13. கட்டி பெரிதாக இருந்து நாலு முதல் ஒன்பது கணுக்கள் வரை பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 41. அவர்கள் எல்லோரும் பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்கள், இன்றைய மருந்துகளில் அபாயம் குறைவாகவே இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். இருந்தாலும், 18-ஆம் வருஷத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்து "வீண் பிராந்தி" என்று சிரிக்க இனி யாருக்கும் வாய் வராது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பயம் சமீப காலத்துச் சரக்கு. திரும்பி வருமோ என்று பயப்படுவதற்கு முதலில் அது போக வேண்டுமே! 1923-இல் சகோதரியைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தபோது, புற்று என்ற சொல்லுக்கு நம் ஜனங்கள் அறிந்த அர்த்தம் மரணம் ஒன்றுதான். அந்த 12 படுக்கைகளுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வருஷத்தைப் பற்றிக் கவலைப்படும் பாக்கியம் பெற்றிருப்பார்கள்? பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகுதான் பிழைத்தவர்களின் வியாதி ஒன்று இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1981-இல் குழந்தைப் பருவத்தில் புற்று வந்து பிழைத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் எழுதிய ஒரு புஸ்தகத்துக்கு டாமக்ளிஸின் பெயரை வைத்தார்கள். தலைக்கு மேலே ஒற்றை மயிரில் தொங்கும் வாளின் கீழே விருந்துண்ண உட்கார்ந்தானே, அந்த டாமக்ளிஸ். உபமானம் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அவன் "போதும் ஸ்வாமி" என்று எழுந்து போக அநுமதி கேட்டான், ராஜாவும் கொடுத்தான். நம்மவர்கள் அதே வாளின் கீழே அரிசி களைந்து, உலை வைத்து, பெண்ணுக்கு வரன் பார்த்து, வீட்டு வரி கட்டியாக வேண்டும்.

1985-இல் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது இதைவிட மேல். அவரே மார்புக்கூட்டுக்குள் புற்று வந்து பிழைத்தவர். குணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பதில் அர்த்தமில்லை என்றார். பிழைத்தலுக்குப் பருவங்கள் உண்டு. சிகிச்சை நடக்கும் காலம் ஒரு பருவம். சிகிச்சை முடிந்தபின் வருவது அடுத்த பருவம். அதில் திரும்பி வருமோ என்ற பயமே ராஜ்யம் செய்யும். அப்புறந்தான் மெல்ல மெல்ல நிலைப்பது. தண்ணீரில் முழுகினவனைக் கரையேற்றப் பலே வித்தைகள் கற்றிருக்கிறோம், கரையேறி இருமிக்கொண்டு கிடப்பவனை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம் என்ற கருத்தில் ஓர் இடம் வருகிறது. டாக்டர்களே, அதை ஒரு தரம் படியுங்கள்.

பர்னி அம்மையார் கரையேறிய பிறகு என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஹெரோடோட்டஸ் ஆகிவிடுவேன். கடிதத்தை முடித்த இரண்டாம் மாதம், மகனை நெப்போலியன் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகாதபடி அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1814-இல் ஐந்து வால்யூமில் நாவல் ஒன்று வெளியிட்டார், அது எடுபடவில்லை. அதே வருஷம் தகப்பனார் காலமானார். 1815-இல் வாட்டர்லூ யுத்தத்தின் பீரங்கிச் சத்தத்தைப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருந்துகொண்டு கேட்டார். குதிரை உதைத்துக் காலில் அடிபட்டுக் கிடந்த கணவரைத் தேடிக்கொண்டு தனியாகப் பிரயாணம் செய்தார். பிறகு இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் குடியேறினார்கள். அங்கே 1818 மே மாதம் அந்தக் கணவர் இறந்தார். புற்றுநோயால். எந்த வாசலைப் பார்த்துக்கொண்டு குடும்பம் ஏழு வருஷம் காவல் இருந்ததோ அந்த வாசல் வழியாக அது வரவே இல்லை. மார்பில் திரும்பி வந்ததாக எங்கும் குறிப்பில்லை. அவ்வளவு வலி எடுத்த கட்டி, இத்தனை வருஷம் திரும்பாதது, உண்மையில் புற்றுதானா என்றுகூட இக்காலத்து மருத்துவ சரித்திரக்காரர்களில் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அணுவைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து முடிவு சொல்லும் காலம் அப்போது வரவில்லை. புற்றோ இல்லையோ, பயத்துக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை.

1837-இல் மகனும் போனான். 1840 ஜனவரி 6-ஆம் தேதி, 87 வயதில் அவர் கண்ணை மூடினார். கத்திக்குப் பிறகு 28 வருஷமும் மூன்று மாதமும்.

அதற்குச் சில வருஷம் முன்னால், 1832-இல், 80 வயதில், தகப்பனாருடைய சரித்திரத்தை மூன்று வால்யூமாக எழுதி வெளியிட்டார். குரோக்கர் என்ற விமர்சகர் அதை ஒரு பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்தார். முன்பு 1814-இல் நாவலைக் கிழித்தவரும் அவரேதான். இந்தத் தடவை அது போதாதென்று, அம்மையார் பிறந்த ஊர் மாதா கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு நகல் தேடிப் பிடித்து, 'எவெலினா' வெளிவந்தபோது ஆசிரியைக்கு ஊரார் சொல்லிக்கொண்டிருந்ததுபோல 17 வயது அல்ல, 25 என்று நிரூபித்தார். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்த வாரத்தில் துபுவாவின் விரல் அம்மையாருக்கு ஞாபகமே வந்திருக்காது.